கேட்கப்படாத தொண்டன்

1956 மே மாதம் திருச்சியில் நடந்த தி.மு.க. மாநில மாநாட்டில் இரண்டு பெட்டிகள் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு பொதுத்தேர்தல். கழகம் அதில் போட்டியிடலாம் என்போருக்கு ஒரு பெட்டி, கூடாது என்போருக்கு மற்றொன்று. மாநாட்டுக்கு வந்திருந்தவர்கள் வரிசையில் நின்று சீட்டைப் போட்டார்கள். ஏறக்குறைய 57,000 பேர் போட்டியிடலாம் என்றார்கள். வேண்டாம் என்றவர்கள் 4,000 பேருக்குச் சற்று அதிகம். ராயபுரம் ராபின்சன் பூங்காவில் 1949 செப்டம்பர் 17 அன்று தொடங்கப்பட்ட அந்தக் கட்சிக்கு அப்போது ஏழு வயது நிறையவில்லை. முடிவு எப்படி இருக்கும் என்று அண்ணாவுக்கும் மற்றவர்களுக்கும் முன்பே தெரிந்திருக்கக்கூடும். ஆனாலும் கேட்டார்கள். கட்சியின் தலையெழுத்தை மாற்றப்போகும் கேள்வி ஒன்று, பேருந்துக்குக் காசு சேர்த்துக்கொண்டு வந்தவரிடமும் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்தவரிடமும் வைக்கப்பட்டது.

தமிழ்நாட்டு அரசியலில் கட்சிப் பற்று எப்படி உருவாயிற்று, ஏன் சலித்துப்போனது என்று ஆராயும்போது இந்த இரண்டு பெட்டிகளிலிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன். பற்று தேய்ந்ததற்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று: ஓட்டுக்குப் பணம் வந்தது, கொள்கை போயிற்று, இளைஞர்கள் கைப்பேசிக்குள் போய்விட்டார்கள். மூன்றிலும் உண்மை உண்டு. ஆனால் மூன்றுமே பழியை வாக்காளர் மீதோ காலத்தின் மீதோ சுமத்துகின்றன. தேர்தல் முடிவுகளையும் கட்சிகளின் சட்டதிட்டங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் வேறொரு வரிசை தெரிகிறது. பற்று முதலில் குறையவில்லை. பற்று கொண்டவரைக் கேட்கும் வழக்கம்தான் முதலில் நின்றது.

பொருளியல் அறிஞர் ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் 1970-இல் எழுதிய சிறிய நூல் ஒன்று இதற்கு உதவுகிறது. ஓர் அமைப்பு சீர்கெடும்போது அதில் இருப்பவர்களுக்கு இரண்டு வழிகள் உண்டு என்றார் அவர். உள்ளே இருந்து குரல் எழுப்பலாம், அல்லது வெளியேறலாம். விசுவாசம் என்பது வெளியேறும் நேரத்தைத் தள்ளிப்போட்டு, குரலுக்கு வாய்ப்புத் தருவது. அப்படியானால் குரலுக்கு இடமே இல்லாத அமைப்பில் விசுவாசம் என்னவாகும்? நமது கட்சிகளின் அண்மைக் கால வரலாறு அந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் நீண்ட பதில்.

முதலில், பற்று எவ்வளவு உறுதியானது என்பதைப் பார்த்துவிட வேண்டும். 1967-இல் காங்கிரசை மக்கள் தூக்கியெறிந்தார்கள் என்று சொல்லிச் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தத் தேர்தலில் காங்கிரஸ் பெற்ற வாக்கு 41.1 சதவீதம், தி.மு.க. பெற்றது 40.7. தி.மு.க. 174 தொகுதிகளில்தான் நின்றது, சுதந்திரா, மார்க்சிஸ்ட், முஸ்லிம் லீக் ஆகியவற்றோடு தொகுதிகளைப் பங்கிட்டுக்கொண்டது, எதிர்ப்பு வாக்குகள் சிதறவில்லை. ஆகவே காங்கிரசுக்கு ஐம்பதை ஒட்டிய இடங்கள், தி.மு.க.வுக்கு 137. விருதுநகரில் காமராசரே ஒரு மாணவர் தலைவரிடம் தோற்றார். ஆனால் 1962-இல் 46 சதவீதமாக இருந்த காங்கிரஸ் வாக்கு ஐந்து புள்ளிதான் இறங்கியிருந்தது. காங்கிரஸ் குடும்பங்களில் மிகப் பெரும்பாலானவை 1967-இலும் காங்கிரசுக்கே போட்டன.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 1991-இல் ராஜீவ் காந்தி படுகொலைக்குப் பின் நடந்த தேர்தலில் தி.மு.க. வென்றவை இரண்டே இடங்கள். அந்த அலையிலும் அதன் வாக்கு 22 சதவீதத்துக்கு மேல். 1996-இல் அ.தி.மு.க.வுக்கு நான்கு இடங்கள், பர்கூரில் முதலமைச்சரே தோற்றார். வாக்கு 21 சதவீதத்துக்கு மேல். 2024 மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. ஓரிடமும் பெறவில்லை, வாக்கு 20 சதவீதத்துக்கு மேல். கூட்டணியும் போட்டியிட்ட இடங்களின் எண்ணிக்கையும் தேர்தலுக்குத் தேர்தல் மாறுவதால் இவற்றை அப்படியே ஒப்பிட முடியாதுதான். இருந்தாலும் ஒரு கட்சி அவமானப்பட்டு நிற்கும் நாளிலும் ஐந்தில் ஒருவர் அதன் சின்னத்தைத் தேடிப்போய்க் குத்துகிறார். உலகில் எத்தனை கட்சிகள் இப்படிப்பட்ட அடித்தளத்தைக் கனவு காணும்! வாக்குச்சாவடிக்கு வருவதிலும் மக்கள் சலிக்கவில்லை. பிரிட்டனில் 2001-இல் வாக்குப்பதிவு 59 சதவீதமாகச் சரிந்தபோது அதை ஜனநாயகத்தின் நோயாக எழுதினார்கள். தமிழ்நாட்டில் 2011-இல் 78 சதவீதம்.

ஆகவே "ஜனங்கள் வெறுத்துவிட்டார்கள்" என்று ஒரே வரியில் முடிக்க முடியாது. வெறுத்தவர்களும் வந்து வரிசையில் நிற்கிறார்கள். நின்று என்ன செய்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

1980 ஜனவரியில் மக்களவைத் தேர்தல், அ.தி.மு.க.வுக்குக் கோபிசெட்டிபாளையமும் சிவகாசியும் மட்டும். அடுத்த மாதமே எம்.ஜி.ஆர். ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதச் சட்டமன்றத் தேர்தலில் அதே அ.தி.மு.க.வுக்கு 129 இடங்கள். இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. 2019-இல் இடைவெளியே கிடையாது. ஏப்ரல் 18 அன்று மக்களவைத் தேர்தலும் 18 சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல்களும் ஒரே சாவடியில், ஒரே மணி நேரத்தில் நடந்தன. திண்டுக்கல் மக்களவைத் தொகுதியில் தி.மு.க. வேட்பாளர் ஐந்து லட்சத்துக்கும் கூடுதலான வாக்கு வித்தியாசத்தில் வென்றார். அந்தத் தொகுதிக்குள் அடங்கிய நிலக்கோட்டையில் அ.தி.மு.க. வேட்பாளர் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

நிலக்கோட்டை முடிவை இரண்டு விதமாகப் படிக்கலாம். டெல்லிக்கு யார், சென்னைக்கு யார் என்று வாக்காளர் தெளிவாகப் பிரித்துப் பார்த்தார் என்பது ஒன்று. இன்னொன்றை நான் கூடுதல் கவனத்தோடு படிக்கிறேன். திண்டுக்கல் மக்களவைத் தொகுதி அ.தி.மு.க. கூட்டணியில் பா.ம.க.வுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது; இயந்திரத்தில் இருந்தது மாம்பழம். இடைத்தேர்தல் இயந்திரத்தில் இருந்தது இரட்டை இலை. கட்சிக்காரர் தன் சின்னத்துக்குப் போட்டார். மேலிடம் முடிவுசெய்த கூட்டணிக்குப் போடவில்லை. அப்படியானால் அது பற்று இல்லாதவரின் வாக்கு அல்ல. தன்னைக் கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவை ஏற்காத பற்றாளரின் வாக்கு. எந்தப் படிப்பு சரி என்று எண்ணிக்கை சொல்லாது. இரண்டு வகையினரும் கலந்தே இருந்திருப்பார்கள். ஆனால் கட்சிகளின் தலைமை இரண்டாவது வகையினரைக் கணக்கில் எடுத்துக்கொள்வதே இல்லை. அவர்கள் வாக்கு எப்படியும் வந்துவிடும் என்று எண்ணுகிறது.

நிலக்கோட்டையில் இடைத்தேர்தல் வந்த காரணமும் இதே கதையின் ஒரு பகுதி. 2017 பிப்ரவரி 18 அன்று சட்டமன்றத்தில் எடப்பாடி பழனிசாமி அரசு நம்பிக்கை வாக்குக் கோரியது. ஆதரவு 122, எதிர்ப்பு 11. எதிர்த்து வாக்களித்தவர்கள் ஓ. பன்னீர்செல்வம் அணியினர். அதே ஆண்டு ஆகஸ்டில் இரு அணிகளும் இணைந்தன. பன்னீர்செல்வம் துணை முதலமைச்சரானார். சில நாட்களுக்குள், கட்சிக்குள் எதிரணியாக நின்ற டி.டி.வி. தினகரனின் ஆதரவு உறுப்பினர்கள் ஆளுநரிடம் போய், முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். சட்டமன்றத்தில் அவர்கள் எதிர்த்து வாக்களிக்கவில்லை. செப்டம்பரில் அவர்களில் 18 பேர் தகுதிநீக்கம் செய்யப்பட்டார்கள். நிலக்கோட்டை உறுப்பினர் அவர்களில் ஒருவர். 2018 அக்டோபரில் உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்த 11 பேருக்குப் பதவி போகவில்லை. கடிதம் கொடுத்தவர்களுக்குப் போயிற்று.

அந்த 18 பேரும் கொள்கை வீரர்கள் என்று நான் சொல்லவில்லை. விடுதிகளில் தங்கவைக்கப்பட்ட உறுப்பினர்களை இரு தரப்பிலும் நாடு பார்த்தது. ஆனால் 1985-இல் 52ஆவது திருத்தமாக வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம் எந்தக் கேட்டை ஒழிக்க வந்ததோ அதை ஒழிக்கவில்லை, வேறொன்றை ஒழித்துவிட்டது. பதவிக்காக மொத்தமாகத் தாவுவதற்கு வழி இருக்கிறது. ஒரு மசோதாவில் மட்டும், தன் தொகுதிக்காரர்களின் நலன் கருதி, கட்சியில் இருந்துகொண்டே மாற்றி வாக்களிக்க வழி இல்லை. நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றுக்கு மட்டும் இந்தத் தடையைக் குறுக்க வேண்டும் என்று 1990-லேயே தினேஷ் கோஸ்வாமி குழு பரிந்துரைத்தது. நடக்கவில்லை. விளைவு, ஒரு சட்டமன்ற உறுப்பினர் தன் ஊருக்குத் திரும்பி வந்து "நான் எதிர்த்தேன்" என்று சொல்லக்கூடிய நிலையில் இல்லை. அவரிடம் மனுக் கொடுத்தவருக்கு அது புரிய அதிக நாள் ஆகாது.

குரல் அடைபட்ட இடத்தில் வெளியேற்றம் நடக்கும். தமிழ்நாட்டில் நடந்த வெளியேற்றங்களில் மிகத் துலக்கமானது 1996-இல் காங்கிரசில் நடந்தது. ஜெயலலிதா ஆட்சியின் மீது ஊரெங்கும் கோபம் கனன்ற நேரத்தில் நரசிம்ம ராவ் அவரோடு கூட்டணி என்று டெல்லியில் முடிவுசெய்தார். கட்சியின் மாநிலத் தலைமையகமான சத்தியமூர்த்தி பவனில் தொண்டர்கள் கொந்தளித்தார்கள். மூப்பனார் தமிழ் மாநில காங்கிரசைத் தொடங்கினார். ஒரு மாத அவகாசம், புதிதாகக் கிடைத்த சைக்கிள் சின்னம். சட்டமன்றத்தில் 39 இடங்கள், மக்களவையில் போட்டியிட்ட 20-உம் வெற்றி. தாய்க் கட்சிக்கு இரண்டிலும் பூஜ்யம். காங்கிரஸ்காரர்கள் காங்கிரஸ் பற்றை விடவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. டெல்லியில் இருந்தவர்களைவிடத் தாங்களே கட்சிக்கு உண்மையானவர்கள் என்று நினைத்து அதைச் செய்தார்கள்.

பிறகு என்ன ஆயிற்று? 2001 சட்டமன்றத் தேர்தலில் த.மா.கா. அதே அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்தது. அந்த ஆண்டு மூப்பனார் மறைந்தார். 2002-இல் கட்சி காங்கிரசோடு இணைக்கப்பட்டது. ஐந்தாண்டுகளுக்கு முன்பு எதை ஏற்க மாட்டோம் என்று வீட்டுச் சுவரில் மூவர்ணத்தை அழித்துச் சைக்கிள் வரைந்தார்களோ, அதற்கே திரும்பக் கொண்டுவரப்பட்டார்கள். இந்த முறை கொந்தளிப்பு இல்லை. ஒரு தலைமுறைக் காங்கிரஸ்காரர்கள் அதன்பின் கரை வேட்டியை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டார்கள் என்று நான் எண்ணுவது இதனால்தான். தோற்றதால் அல்ல. வென்ற பிறகும் தங்கள் வெற்றியைப் பற்றிய முடிவு தங்கள் கையில் இல்லை என்பதைக் கண்டதால்.

தே.மு.தி.க. கதை இதன் மறுபக்கம். 2005 செப்டம்பரில் மதுரையில் தொடங்கிய அந்தக் கட்சியில் சேர்ந்தவர்களில் பலர் இரண்டு கழகங்களிலும் சலித்துப்போனவர்கள். மக்களோடும் தெய்வத்தோடும் மட்டுமே கூட்டணி என்றார் விஜயகாந்த். 2006-இல் தனித்து நின்று 8 சதவீதத்துக்கு மேல். 2009 மக்களவைத் தேர்தலில் 10 சதவீதத்தை ஒட்டி. இரண்டு தேர்தலிலும் அந்த வாக்குகளால் அவர்களுக்குக் கிடைத்தது விருத்தாசலம் என்ற ஒரே தொகுதி. தெரிந்தே போட்டார்கள். 2011-இல் அ.தி.மு.க. கூட்டணியில் 29 இடங்கள் வந்தன. விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். கட்சி அன்று உச்சத்தில் இருந்ததாகச் சொல்வார்கள். வாக்கு விகிதம் அப்போதே சரியத் தொடங்கியிருந்தது. 2016-இல் இரு கழகங்களுக்கும் மாற்று என்று மீண்டும் நின்றபோது 2.4 சதவீதம், உளுந்தூர்பேட்டையில் தலைவரே வைப்புத்தொகை இழந்தார். இரு கட்சிகளும் வேண்டாம் என்று சொல்லி வந்தவர்களை அந்த இரண்டில் ஒன்றிடம் ஒப்படைத்த பிறகு, மாற்று என்ற சொல்லை மறுபடி நம்பச் சொன்னார்கள். நம்பவில்லை.

வெளியேறுவதற்கு இன்னொரு கதவாக நோட்டா வந்தது. அதற்கு முன்பு 49-ஓ விதி இருந்தது. யாருக்கும் வாக்களிக்க விருப்பமில்லை என்று வாக்குச்சாவடிப் பதிவேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். சுற்றிலும் கட்சி முகவர்கள் உட்கார்ந்திருக்க அதைச் செய்யத் துணிச்சல் வேண்டும். பத்திரிகையாளர் ஞாநி 'ஓ போடு' என்று ஊர் ஊராகப் பரப்புரை செய்தார். 2013 செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது இயந்திரத்தில் ரகசியப் பொத்தானாயிற்று. சலித்துப்போன வாக்காளருக்கு அதுதான் கருவி என்று நாம் பலரும் எதிர்பார்த்தோம்.

2014-இல் இந்தியாவிலேயே நோட்டாவுக்கு மிக அதிக வாக்கு விழுந்த மக்களவைத் தொகுதி நீலகிரி: 46,559. மலை மக்கள் அரசியலையே வெறுத்துவிட்டார்கள் என்று முடிவுகட்டுவதற்கு முன், அங்கு பா.ஜ.க. வேட்பாளரின் மனு தள்ளுபடியாகியிருந்தது என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1998-லும் 1999-லும் பா.ஜ.க. வென்ற தொகுதி அது. தாமரை இல்லாத இயந்திரத்தின் முன் நின்ற பா.ஜ.க. வாக்காளர்களில் ஒரு பகுதியினர் அந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள் என்று கொள்ளவே இடம் இருக்கிறது. பத்தாண்டு கழித்து இந்தூரில் இது வெளிப்படையாகவே நடந்தது. காங்கிரஸ் வேட்பாளர் கடைசி நேரத்தில் விலகிவிட, கட்சி நோட்டாவுக்கு ஓட்டுக் கேட்டது. இரண்டு லட்சத்துக்கும் மேல் விழுந்தது. கட்சியற்றவர்களுக்காகச் செய்யப்பட்ட கருவி மிகப் பெரிய எண்ணிக்கையைக் காட்டியது கட்சிக்காரர்கள் அதைக் கையில் எடுத்தபோதுதான். தமிழ்நாட்டில் 2016-இல் 1.3 சதவீதமாக இருந்த நோட்டா 2021-இல் 0.75 ஆகக் குறைந்தது. எத்தனை பேர் அழுத்தினாலும் அடுத்து நிற்கும் வேட்பாளர் வெல்வார் என்ற நிலையில், அதை அழுத்துவதற்குக் காரணம் குறைந்துகொண்டே போகிறது.

அப்படியானால் உள்ளே? அ.தி.மு.க.வின் சட்டதிட்டங்களில் ஒரு விதி உண்டு. பொதுச்செயலாளரைக் கட்சியின் அடிப்படை உறுப்பினர்கள் அனைவரும் சேர்ந்து தேர்ந்தெடுக்க வேண்டும். மற்ற விதிகளைத் திருத்தலாம், இதைத் திருத்தக்கூடாது. எம்.ஜி.ஆர். காலத்து விதி இது. தி.மு.க.விலிருந்து தாம் நீக்கப்பட்ட விதம் அவர் மனத்தில் இருந்திருக்கும். ஒன்றரைக் கோடித் தொண்டர்கள் என்று மேடைதோறும் முழங்கிய கட்சி, அந்த ஒன்றரைக் கோடிப் பேருக்கும் எழுத்தில் ஓட்டுரிமை கொடுத்திருந்தது. 2022 ஜூலை பொதுக்குழுவில் தலைமைப் போட்டி முற்றியது. அப்போது திருத்தப்பட்ட விதிப்படி பொதுச்செயலாளர் பதவிக்குப் போட்டியிட மாவட்டச் செயலாளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும், இன்னும் பத்துப் பேர் வழிமொழிய வேண்டும், ஐந்தாண்டு தலைமைக் கழகப் பொறுப்பில் இருந்திருக்க வேண்டும். 2023 மார்ச்சில் ஒரே ஒருவர் மனுத் தாக்கல் செய்தார், போட்டியின்றித் தேர்வானார். ஓட்டுரிமை விதியில் இருக்கிறது. அதைப் பயன்படுத்தும் நாள் வரவில்லை.

தி.மு.க.வில் 1969 முதல் 2018 வரை ஒரே தலைவர். அவருக்குப் பின் வந்தவரும் போட்டியின்றியே வந்தார். இந்தக் கட்சியில்தான் அண்ணாவை ஈ.வெ.கி. சம்பத் எதிர்த்துப் பேசிய காலம் ஒன்று இருந்தது. அது 1961-இல் பிளவில் முடிந்தது உண்மை. ஆனால் தலைமையோடு முரண்பட்டு ஒருவர் வெளிப்படையாக வாதாட முடிந்தது என்பதும் உண்மை. மற்ற கட்சிகளைப் பற்றித் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மாவட்டச் செயலாளர் நியமனம் என்ற ஒற்றைச் சொல்லில் எல்லாம் அடங்கிவிடுகிறது.

கேட்கப்படாத தொண்டருக்கு மிஞ்சிய வேலை என்ன என்பதற்கு 2009 ஜனவரி திருமங்கலம் இடைத்தேர்தல் பெயர் வாங்கிக்கொண்டது. ஓட்டுக்குப் பணம் என்பதை நாம் வாக்காளரின் ஒழுக்கக்கேடாகப் பேசுகிறோம். பட்டியலோடு வீடு வீடாகப் போன கிளைச் செயலாளரைப் பற்றிப் பேசுவதில்லை. முன்பு அவர் டீக்கடையில் உட்கார்ந்து, கட்சி ஏன் அந்த முடிவை எடுத்தது என்று எதிர்க்கட்சிக்காரரோடு வாதிடுவார். ஊருக்குத் தெரிந்த மனிதர். அவர் சொன்னால் பத்துக் குடும்பம் யோசிக்கும். முடிவின் காரணம் அவருக்கே தெரியாமல் போனபோது வாதிட ஏதும் இல்லை. கையில் கொடுக்கப்பட்ட உறையைக் கொண்டுசேர்ப்பது மட்டும் மிஞ்சியது. அந்தப் பத்துக் குடும்பங்களின் சலிப்பு அவரிடமிருந்தே தொடங்குகிறது என்பது என் கருத்து. 2017-இல் ஆர்.கே. நகர் இடைத்தேர்தல் பணப் பட்டுவாடாவால் ரத்தாகி, டிசம்பரில் மறுபடி நடந்தபோது, இரட்டை இலையை எதிர்த்துக் குக்கர் சின்னத்தில் நின்ற தினகரன் நாற்பதாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்றார். சின்னத்தின் மீதிருந்த பிடிப்பும் அசைக்கக்கூடியதே என்று அன்று தெரிந்தது. அசைத்தது எது என்பதைப் பற்றி மகிழ்ச்சியோடு எழுத முடியவில்லை.

கட்சிகளே வேண்டாம், நல்ல மனிதர்களுக்கு ஓட்டுப் போடுவோம் என்று படித்தவர்கள் பேசும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. படிப்பகம் வைத்து முடிதிருத்தும் தொழிலாளியையும் நெசவாளியையும் நாளிதழ் வாசிக்கவைத்தவை கட்சிகள். நெருக்கடி நிலையில் மிசா சிறைக்குப் போய் உடைந்த உடம்போடு திரும்பியவர்கள் கட்சிக்காரர்கள். தி.மு.க.வின் சிட்டிபாபு போன்றவர்கள் உயிரையே கொடுத்தார்கள். தனிமனிதனாக நின்று ஓர் அரசை எதிர்க்க முடியாத ஏழைக்குக் கட்சிக் கொடிக்கம்பத்தின் அடியில்தான் ஒரு கூட்டம் கிடைத்தது. நடுநிலையாக இருப்பது, எந்த அலுவலகத்துக்குள்ளும் தனியாக நுழைந்து காரியம் முடித்துக்கொள்ளக்கூடியவர்களுக்குக் கட்டுப்படியாகும். மற்றவர்களுக்குக் கட்சி வேண்டும். அதனால்தான் கட்சி கெட்டுப்போவது அவர்களுக்கு நேரும் இழப்பு.

ஜெர்மனியில் அரசமைப்பே, கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக நெறிக்கு உட்பட்டிருக்க வேண்டும் என்கிறது. 2018-இல் அங்கே சமூக ஜனநாயகக் கட்சி தன் எதிராளியான ஏஞ்சலா மெர்க்கலின் கட்சியோடு மீண்டும் கூட்டணி அரசில் சேர வேண்டுமா என்று ஏறத்தாழ நான்கரை லட்சம் உறுப்பினர்களிடம் அஞ்சல் வாக்கெடுப்பு நடத்தியது. 66 சதவீதத்தினர் சரி என்றார்கள். அந்தக் கட்சியின் சரிவை அது தடுத்துவிடவில்லை. ஆனால் மூன்றில் ஒரு பங்கினர் எதிர்த்தார்கள் என்பது எண்ணப்பட்டது, அறிவிக்கப்பட்டது. எதிர்த்தவர் துரோகி எனப்படவில்லை.

இங்கே 1999-இல் சட்ட ஆணையம் தன் 170ஆவது அறிக்கையில் உட்கட்சி ஜனநாயகத்தைச் சட்டமாக்கப் பரிந்துரைத்தது. கால் நூற்றாண்டு கடந்தும் அது ஏட்டில் இருக்கிறது. பதிவுபெற்ற கட்சி தன் விதிகளை மீறினாலும் பதிவை ரத்துசெய்யும் பொது அதிகாரம் தேர்தல் ஆணையத்துக்குக் கிடையாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் கூட்டணி முடிவை உறுப்பினர்களின் வாக்குக்கு விட எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை. பொதுக்குழுவின் ஒரு தீர்மானம் போதும். உறுப்பினர் பட்டியல் இருக்கிறது, கைப்பேசி எண்கள் இருக்கின்றன, சாவடிதோறும் ஆள் இருக்கிறது. எந்தக் கட்சி அதை முதலில் செய்கிறதோ, அந்தக் கட்சியின் கிளைச் செயலாளர் டீக்கடையில் கூட்டணியைப் பற்றி யாராவது கேட்கும்போது, "நான் வேண்டாம் என்றுதான் போட்டேன், எங்கள் பக்கம் தோற்றுவிட்டது, அதனால் இப்போது இதற்காக உழைக்கிறேன்" என்றாவது பதில் சொல்ல முடியும்.